குளிர் கூடினால் உடையும் பனித்தூண்

பனிக்கட்டி வெயிலில் இளகும், குளிரில் இறுகும். ஆகவே உறைந்த அருவியில் ஏறப் போகிறவருக்குக் குளிர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று தோன்றுவது இயல்பு. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் நடந்த ஓர் ஆய்வு, இந்த எண்ணத்தை நம்பி ஒரு பனித்தூணின் அடியில் போய் நிற்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று காட்டியிருக்கிறது.

1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் ஷமோனி. அந்த ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஆர்ஜான்தியேர் என்ற பனியாறு இறங்குகிறது. அதன் கரைப் பாறைகளில் கசியும் நீர் குளிர்காலத்தில் உறைந்து, ஏறுவோர் தேடி வரும் பனி அருவிகளாகிறது. அவற்றில் ஒன்று பாறையை விட்டு விலகித் தனித்து நிற்கும் தூண். மலையேறிகள் அதற்கு ‘சிவலிங்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோரின் மோந்தாஞா, ஜெரோம் வைஸ், லூக் மோரோ முதலிய ஆய்வாளர்கள், ஃபிரான்சுவா தமிலானோ என்ற பெயர்பெற்ற மலை வழிகாட்டியையும் சேர்த்துக்கொண்டு, இந்தத் தூணையும் ‘நுய் பிளான்ஷ்’ என்ற இன்னொரு உறைந்த அருவியையும் ஆராய்ந்தார்கள். இத்தாலியின் வால்சவராங்ஷ் பள்ளத்தாக்கிலும் ஒன்றைக் கண்காணித்தார்கள். பனிக்குள் அழுத்த உணரிகளைப் பதித்தார்கள், காற்றின் வெப்பநிலையையும் பனியின் வெப்பநிலையையும் குறித்தார்கள், தொடர்ந்து படம் எடுத்தார்கள். முடிவுகள் 2010-லும் 2011-லும் ‘ஜர்னல் ஆஃப் கிளேசியாலஜி’ இதழில் வெளிவந்தன.

இத்தகைய தூண்கள் சில நேரம் தாமாகவே சரிகின்றன, சில நேரம் ஏறுபவரின் கோடரி பட்டுச் சரிகின்றன. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் கடும் குளிர்தான் என்று அவர்கள் கண்டார்கள். மணிக்குப் பல டிகிரி வீதம் சில மணி நேரம் தொடர்ந்து வெப்பநிலை சரிவதும், அது மைனஸ் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே போவதும் சேர்ந்தால் தூண் உடையும் நிலைக்கு வந்துவிடுகிறது.

ஏன் இப்படி என்பதற்கு விடை, தூண் பிறக்கும் விதத்திலேயே இருக்கிறது.

0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ நீர் உறைய வேண்டுமானால் 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதுதான். 80 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ வெந்நீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய இதே அளவு. இவ்வளவையும் காற்றும், ஆவியாதலும், மேகமில்லாத இரவு வானமும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய படலமாக வழியும் நீர் இதை எளிதில் இழந்துவிடும். கொட்டும் பேரருவிக்கு அதற்கு நேரமே இல்லை. 2015 ஜனவரி 27 அன்று கனடாவின் வில் காட், சாரா ஹுயெனிக்கன் இருவரும் நயாகராவில் ஏறியபோதும் அருவி இரைந்து கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் ஏறியது அதன் ஓரத்தில் சாரல் தெறித்துத் தெறித்து உறைந்த பனியில்.

எனவே ஏறுவோர் கொண்டாடும் பனி அருவிகள் பலவும் கோடையில் யார் கண்ணிலும் படாதவை. பாறை இடுக்கிலிருந்து ஒழுகும் ஈரம், மண்ணுக்கடியிலிருந்து வரும் ஊற்று, மெதுவாக உருகும் மேல்பனியின் கசிவு ஆகியவைதான் ஜனவரியில் நிமிர்ந்த பனிச்சுவராக நிற்கின்றன.

முதலில் பாறை விளிம்பிலிருந்து பனி விழுதுகள் இறங்கும். விழுதின் மேற்பரப்பில் நீர் மெல்லிய படலமாக வழிந்து பக்கவாட்டில் உறைகிறது. நுனியில் தொங்கும் சொட்டு விளிம்பில் உறைந்து நீள்கிறது. வளரும் விழுதின் நுனிப் பகுதி உள்ளே கூடாக இருக்கும், அந்தக் கூட்டில் உறையாத நீர் நிற்கும். விழுது பருமனானாலும் மெலிந்திருந்தாலும் மேற்பரப்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வளையம் வளையமாக மேடு பள்ளங்கள் தோன்றும். கீழே சொட்டு விழுந்து தெறிக்கும் இடத்தில் ஒரு மேடு எழும். அமர்நாத் குகையில் நாம் வணங்கும் பனிலிங்கமும் கீழிருந்து இப்படி எழுவதுதான். ஆலமரத்தின் விழுது தரையைத் தொட்டதும் பருத்துத் தாங்குமரமாவது போல, மேலிருந்து இறங்கியதும் கீழிருந்து எழுந்ததும் ஒட்டிக்கொண்ட பிறகு அது தூணாகிறது. பக்கத்து விழுதுகள் இணைந்து திரையாகின்றன. திரை தடித்த பிறகு நீர் வெளிப்புறத்தில் வழிவதைக் குறைத்துக்கொண்டு உள்ளேயும் பின்னாலும் ஓடத் தொடங்குகிறது. இனி வெப்பம் வெளியேற வேண்டுமானால் பனியின் தடிப்பைக் கடந்தாக வேண்டும். தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தமாகிறது.

இந்தக் கட்டமைப்பை மனதில் இருத்திக்கொள்வது முக்கியம். வெளியே காற்று மைனஸ் 15 ஆக இருக்கலாம். உள்ளே 0 டிகிரியில் நீர் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த வேறுபாடு முழுவதையும் ஒரே பனிச்சுவர் தன் தடிப்புக்குள் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

குளிர்ந்தால் பனி சுருங்கும். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருப்பதைப் படித்திருப்பதால், பனிக்குளிர் என்றாலே விரிவு என்று பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. உறைவதோடு அந்த விரிவு முடிந்துவிடுகிறது. உறைந்த பிறகு பனியும் மற்றத் திடப்பொருள்களைப் போலக் குளிரில் சுருங்குகிறது, அதுவும் கணிசமாக. ஒரு டிகிரிக்கு அதன் நீளம் 1 லட்சத்தில் 5 பங்கு குறைகிறது. இரும்பைப் போல நான்கு மடங்கு. 20 மீட்டர் உயரமான தூண் முழுவதும் 10 டிகிரி குளிர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் குட்டையாக வேண்டும். ஆனால் அதன் தலை மேலே பாறையில் ஒட்டியிருக்கிறது, கால் கீழே ஊன்றியிருக்கிறது. குட்டையாக வழியில்லை. சுருங்க முடியாத பொருளுக்குள் இழுவிசை ஏறுகிறது.

எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பனியின் மீள்மைக் குணகம் ஏறக்குறைய 9 கிகாபாஸ்கல். 10 டிகிரி குளிர்ச்சியைக் கொஞ்சமும் நெகிழாமல் தாங்கினால் உள்ளே 4.5 மெகாபாஸ்கல் இழுவிசை எழும். பனி தாங்கக்கூடிய இழுவிசையோ சுமார் 1 மெகாபாஸ்கல்தான். ஒப்பிட இன்னொரு கணக்கு: அதே 20 மீட்டர்த் தூண் காலூன்றாமல் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், தன் எடையால் உச்சியில் எழும் இழுவிசை 0.18 மெகாபாஸ்கல். 2 மீட்டர் விட்டம் இருந்தால் அந்தத் தூணின் எடை 57 டன். அத்தனை டன்னும் சேர்ந்து இழுக்கும் இழுப்பை, மூன்று நான்கு டிகிரி திடீர்க் குளிர்ச்சி பல மடங்கு மிஞ்சிவிடுகிறது. ஏறுகிற மனிதரின் 80 கிலோ இந்தக் கணக்கில் வரவே வராது. ‘இவ்வளவு கனமானது எப்படித் தொங்குகிறது’ என்று அண்ணாந்து பார்த்து வியப்பவர்கள் எடையை நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது நேற்றிரவின் வெப்பநிலையை நினைத்து.

அப்படியானால் குளிர்காலத்தில் எல்லாத் தூண்களும் நொறுங்கிவிட வேண்டுமே? நொறுங்காததற்குக் காரணம் பனியின் இன்னொரு குணம். மைனஸ் 10 டிகிரி நமக்குக் கடுங்குளிர். பனிக்கோ அது தன் உருகுநிலைக்கு மிக அருகில். கெல்வின் அளவில் 273-க்கு 263. உருகுநிலைக்கு இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் எந்தத் திடப்பொருளும், நேரம் கொடுத்தால், விசைக்கு இணங்கி மெல்ல நகர்ந்து கொடுக்கும். பனியாறுகள் மலைச்சரிவில் ஊர்ந்து இறங்குவதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாகக் குளிர்ந்தால் தூணுக்குள் ஏறும் இழுவிசை அவ்வப்போது தளர்ந்துவிடும். மாலை மைனஸ் 3, விடியும் முன் மைனஸ் 16 என்று இறங்கினால் தளர நேரமில்லை. அதோடு, குளிரக் குளிர இந்த நகர்ச்சியும் மந்தமாகிறது. விசை கூடுகிறது, இணக்கம் குறைகிறது. அப்போதுதான் விரிசல் விடுகிறது.

குளிர் தூணுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பனியில் வெப்பம் பரவும் வேகத்தை வைத்துப் பார்த்தால், மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், ஒரு முழு நாளில் 30 சென்டிமீட்டர். ஆக ஓர் இரவின் திடீர்க் குளிர் தூணின் மேல்தோலைத்தான் முதலில் பிடிக்கிறது. தோல் சுருங்கப் பார்க்கிறது, வெதுவெதுப்பான உள்பகுதி விட மறுக்கிறது. கோடரி இறங்குவதும், பாதுகாப்புக்குத் திருகும் ஐஸ் ஸ்க்ரூ நிற்பதும் இதே தோலில்தான். இழுபட்டு விறைத்து நிற்கும் அந்தத் தோலில் ஒரு கூர்முனை அடித்து ஒரு சிறு பிளவைத் தொடங்கி வைத்தால் போதும், மிச்ச வேலையைத் தூணுக்குள் சேர்ந்திருக்கும் விசையே செய்துவிடும். பாறையோடு முழுக்க ஒட்டிய பனிச்சுவரிலும் இப்படி விரிசல் விழும். ஆனால் அங்கே விரிசல் விட்ட பனியைப் பாறை பிடித்துக்கொள்ளும். தனித்தூணுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது.

கையில் கோடரி இருப்பவருக்கு இந்த அறிவியல் ஒவ்வோர் அடியிலும் தெரியும். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 வரையான பனியில் கோடரியின் வளைந்த அலகு ‘தொப்’ என்ற மந்தமான ஒலியோடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கி அப்படியே நிற்கும். மணிக்கட்டை அசைத்தால்தான் வெளியே வரும். அலகு ஆப்பாக நுழையும்போது சுற்றியுள்ள பனி நெகிழ்ந்து இடம் கொடுத்திருக்கிறது. மைனஸ் 20-இல் அதே அடிக்கு ‘டங்’ என்ற கண்ணாடி ஒலி எழும். அலகைச் சுற்றி வெள்ளை வட்டமாகப் பிளவு ஓடி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போகும். மறுபடி அடித்தால் அதன் கீழிருந்து இன்னொரு தட்டு. ஒரு பிடிமானத்துக்கு ஐந்தாறு அடி அடிக்க வேண்டியிருக்கும். கை சோர்ந்துவிடும், கீழே கயிறு பிடித்து நிற்பவர் மீது துண்டுகள் பொழியும்.

நிறத்தையும் படிக்கலாம். நீரில் கரைந்திருக்கும் காற்றுக்குப் பனிப்படிகத்தில் இடமில்லை. மெதுவாக உறையும்போது காற்று வெளியே தள்ளப்பட்டு பனி தெளிவாகிறது. தெளிந்த தடித்த பனி ஒளியின் சிவப்புப் பகுதியைச் சற்றே உறிஞ்சிக்கொள்வதால் நீலமாகத் தெரிகிறது. வேகமாக உறைந்தால் காற்று குமிழ்களாகச் சிக்கி வெண்மையாகிறது. நீலப்பனி அடர்த்தியானது, ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கடுங்குளிரில் அதுவே அதிகம் தெறிக்கும். வெள்ளைப்பனியில் பல வகை உண்டு. சில கோடரிக்கு இதமானவை, சில வெறும் பொரிந்த மேலோடு. நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல, தட்டிக் கேட்கவும் வேண்டும். கூடான ஒலி வந்தால் பின்னால் வெற்றிடமோ ஓடும் நீரோ இருக்கிறது.

ஐஸ் ஸ்க்ரூ என்பது 10 முதல் 22 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள கூடான உலோகக் குழாய். ஐரோப்பியத் தர விதிப்படி அது 10 கிலோநியூட்டன் விசையைத் தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடையை. அது சோதனைக்கூடத்தின் நல்ல பனிக்கான எண். அருவியில் அதைத் திருகும்போதே பனி தன் நிலையைச் சொல்லிவிடும். சீரான இறுக்கத்தோடு இறங்கிக்கொண்டிருந்த குழாய் திடீரென்று இலேசாகச் சுற்றினால் உள்ளே பொந்து. குழாயின் வாய் வழியே வெளியே தள்ளப்படும் பனி உலர்ந்த உருளையாக வந்தால் நிம்மதி. சொதசொதவென்று வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்வது நல்லது. சில நேரம் குழாய் வழியே நீரே பீய்ச்சும். கீழ்ப்பகுதி உறைந்து அடைத்துக்கொண்டதால் பனிக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்தத்தோடு நிற்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பனி கோடரி அடியில் வெடித்துப் பெயரக்கூடும்.

இதையெல்லாம் வைத்து வெதுவெதுப்பு பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 0 டிகிரியை ஒட்டி நிற்கும் பனி கோடரிக்கு வெண்ணெயாக இருக்கும், திடீரென வெடிக்கும் குணமும் குறைவு. ஆனால் நாட்கணக்கில் அப்படியே நீடித்தால் வேறொரு விதமாக அது கெடுகிறது. பனிமணிகளின் விளிம்புகளில் நீர் சேர்கிறது, பாறையோடு உள்ள ஒட்டு விட்டுப்போகிறது, ஸ்க்ரூவின் பிடி தளர்கிறது. வெயில் இன்னும் கள்ளத்தனமானது. காற்று மைனஸ் 5 ஆக இருந்தாலும் ஒளி மெல்லிய பனியை ஊடுருவிப் பின்னாலிருக்கும் கரும்பாறையைச் சூடாக்கும். முன்புறம் உறுதியாகத் தெரியும் திரை பின்புறத்தில் பாறையை விட்டிருக்கும். தெற்கு நோக்கிய அருவிகளில் விடியும் முன் ஏறி, வெயில் படும் முன் இறங்கிவிடுவது இதனால்தான். உறைந்த அருவிகள் பெரும்பாலும் மலையின் ஓடைகளில் இருப்பதால் மேலிருந்து வரும் பனிச்சரிவுக்கும் அதுவே வழி. அருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேலே சரிவில் புதுப்பனி குவிந்திருந்தால் அன்றைக்கு ஏற்றம் கிடையாது.

இந்தக் கலை இன்றைய வடிவத்துக்கு வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1960-களில் மலையேறி இவான் ஷுவினார் கோடரியின் அலகைக் கீழ்நோக்கி வளைத்த பிறகே செங்குத்துப் பனியில் அது நழுவாமல் நின்றது. 1974-இல் ஜெஃப் லோவும் மைக் வைசும் கொலராடோவின் டெல்யூரைடில் பிரைடல்வெய்ல் அருவியில் ஏறினார்கள். இறங்குவதற்கு இன்று உலகம் முழுவதும் பயன்படும் முறை சோவியத் மலையேறி விட்டாலி அபலாகோவின் பெயரால் வழங்குகிறது. பனியில் இரண்டு துளைகளை உள்ளே சந்திக்கும்படி சாய்வாகத் துளைத்து, அவற்றின் வழியே ஒரு கயிற்றுத் துண்டைக் கோத்துக் கட்டி அதில் இறங்குவார்கள். கயிற்றைத் தாங்குவது பனி மட்டுமே.

அதே கொலராடோவில் ஊரே என்ற சிற்றூரில், மலையிடுக்கின் விளிம்பில் குழாய் போட்டு, குளிர்கால இரவுகளில் நீரைச் சொட்டவிட்டுப் பனிச்சுவர்களை வளர்க்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பனி வளர்ப்பு விவசாயம் மாதிரி. அதிகம் நீர் விட்டால் உறையாமல் ஓடி, இருக்கிற பனியையும் கரைக்கும். குறைவாக விட்டால் மெல்லிய விழுதுகளோடு நின்றுவிடும். இயற்கை அருவிக்கு இப்படிக் குழாயைத் திருகுவார் யாருமில்லை. எனவே ஒரே அருவி டிசம்பரில் ஒரு விதமாகவும் பிப்ரவரியில் வேறு விதமாகவும் இருக்கும். வழிகாட்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கடினத் தரம் அதன் வழக்கமான நிலையைச் சொல்வது, அன்றைய காலை நிலையை அல்ல.

என் பார்வையில் ஷமோனி ஆய்வின் பெரும் பயன் இதுதான்: ஏறுவோர் காலையில் வெப்பமானியைப் பார்த்து எடுத்துவந்த முடிவை, முந்தைய சில நாட்களின் வெப்பநிலைப் போக்கைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவாக அது மாற்றியது. மைனஸ் 12 என்ற எண் தனியாக ஒன்றும் சொல்லாது. நான்கு நாட்களாக மைனஸ் 12-இல் நிற்கும் தூண் வேறு, நேற்று மாலை வரை 0 டிகிரியில் ஒழுகிக்கொண்டிருந்துவிட்டு இன்று காலை மைனஸ் 12-இல் நிற்கும் தூண் வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இமாசலத்தின் ஸ்பிட்டியிலும் லடாக்கிலும் இப்போது உறைந்த அருவிகளில் ஏறக் கற்றுக்கொள்ள நம்மவர்களும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். உயரமான அந்தக் குளிர்ப் பாலைவனங்களில் பகல் வெயிலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை வெகுவாக மாறும். அங்கே போகிறவர்கள், பயிற்சி தருபவரிடம் ‘இன்று எத்தனை டிகிரி’ என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கடந்த இரண்டு மூன்று இரவுகளில் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கேளுங்கள். ஒரே இரவில் பத்து டிகிரி விழுந்திருந்தால், பாறையோடு ஒட்டிய தடித்த பனிச்சுவரில் ஏறுங்கள். தனித்து நிற்கும் தூணைக் குளிர் ஓரிரு நாள் நிலைக்கும்வரை தொடாதீர்கள். கீழே கயிறு பிடிப்பவரை எந்த நாளிலும் தூணுக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள்.